துள்ளிய விமானத்தின் மூக்கை அழுத்தாதீர்கள்

பெங்களூரில் ஒரு பயிற்சி ஓடுதளத்தின் ஓரமாக அண்மையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மாணவர் ஓட்டி வந்த செஸ்னா 152 என்ற சிறு பயிற்சி விமானம் தரையைத் தொட்டுத் துள்ளியது. அடுத்த கணமே அதன் மூக்கு கீழே கவிழ்ந்ததைக் கண்டு, என் கை வெறும் காற்றில் யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை)ப் பின்னுக்கு இழுத்தது. அவர் தப்பித்துக்கொண்டார். பயிற்சிக் காலத்தில் நான் தப்பவில்லை. தரையிறங்கும்போது மாணவர்கள் செய்யும் தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன். செக்லிஸ்டை மறப்பது, ரேடியோவில் தடுமாறுவது போன்றவை தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்வது

60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் வர வேண்டிய இடத்தில் 70 நாட் வேகத்தில் வந்தால் விமானத்தின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 36 சதவீதம் கூடிவிடுகிறது. அது தீரும் வரை விமானம் ஓடுதளத்தின் மேல் மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து மூக்கை அழுத்தினால் துள்ளும். கடலோர ஓடுதளங்களில் பழகிவிட்டு, சுமார் 3,000 அடி உயரத்திலுள்ள பெங்களூரின் ஜக்கூர் விமானதளத்துக்கு வருபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மீட்டரில் அதே வேகம் இருந்தாலும் இங்கே தரை விரைந்து வருவதுபோல் தெரியும். 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 6,000 அடிக்குரியதாகக் குறைந்துவிடும். கண்ணை நம்பி வேகத்தைக் குறைத்தால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். மீட்டரை நம்புங்கள்.

துள்ளியபின் மூக்கை அழுத்துவது

சக்கரம் பட்டு விமானம் மீண்டும் எழும்போது, பதற்றத்தில் கை யோக்கை முன்னே தள்ளுகிறது. பிரதான சக்கரங்களுக்கு முன்பாக மூக்குச் சக்கரம் மோதி, மூக்கு முன்னைவிட உயரமாக எழுகிறது. விமானத்தின் அசைவுக்கு நம் கை சற்றுப் பிந்தியே இயங்குவதால், திருத்துவதாக எண்ணிச் செய்யும் ஒவ்வொன்றும் அடுத்த துள்ளலைப் பெரிதாக்குகிறது. என்னுடைய மூன்றாவது துள்ளலில் மூக்குச் சக்கரத்தின் கால் ஒடிந்தது.

எனக்குக் காயமில்லை. ஆனால் ப்ரொப்பெல்லர் தரையில் அடித்துவிட்டால் அதை மட்டும் மாற்றிவிட்டுப் பறக்க இயலாது. சுழன்றுகொண்டிருந்த கிராங்க்ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் எஞ்சின் தண்டு) அதிர்ந்திருக்கும் என்பதால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும். மூக்குச் சக்கரம் இணைந்திருந்த, எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையிலுள்ள ஃபயர்வால் தகடும் கசங்கியிருந்தது. சேலத்துக்காரரான மெக்கானிக் அதை விரலால் தடவிக் காட்டி, "தம்பி, முதல் துள்ளலிலேயே த்ராட்டிலைத் தள்ளியிருந்தால் இந்நேரம் டீ குடித்துக்கொண்டிருப்பாய்" என்றார். த்ராட்டில் என்பது எஞ்சின் விசையைக் கூட்டும் கைப்பிடி; அதைத் தள்ளியிருந்தால் இறங்காமல் மீண்டும் மேலே ஏறியிருக்கலாம்.

ஓடுதளம் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது, எஞ்சினும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் இறங்கியே தீருவேன் என்று நான் பிடித்த பிடிவாதம் இன்றும் எரிச்சலூட்டுகிறது. நண்பர்கள் இருவர் வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லை.

துள்ளல் சிறிதாக இருந்தால் மூக்கை இறங்கும் நிலையிலேயே பிடித்து, சிறிது பவர் கொடுத்து மீண்டும் இறங்கலாம். பெரிதாக இருந்தால் முழு த்ராட்டில் கொடுத்து மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் இறங்க வாருங்கள்.

ஃபைனலைத் தாண்டிவிட்டு ரடரால் மட்டும் திருப்புவது

ஃபைனல் என்பது ஓடுதளத்துக்கு நேரான கடைசிப் பாதை; ரடர் என்பது மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் தகடு. இப்படித் திருப்பவே வேண்டாம்.

சக்கரத்தில் எடை ஏறுமுன் பிரேக்கை மிதிப்பது

டயர்தான் தேயும்.

சுற்றி வரும்போது ஃபிளாப்பை ஒரேயடியாக எடுப்பது

ஃபிளாப் என்பது இறங்கும்போது தூக்குவிசையைக் கூட்ட இறக்கையின் பின்புறம் இறக்கும் தகடு. அதை ஒரேயடியாக எடுத்தால் தூக்குவிசை சட்டெனக் குறைந்து விமானம் அமிழும். செஸ்னா 152-இல் முழு த்ராட்டில் கொடுத்தவுடன் ஃபிளாப்பை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, 55 நாட் வேகத்தில் ஏறத் தொடங்கி, பாதுகாப்பான உயரம் வந்தபின் மிச்சத்தை மெல்ல எடுங்கள்.