ஜியோஜீப்ராவில் சொந்தமாக ஒரு கருவி: சுற்றுவட்டத்தில் தொடங்குங்கள்

கணித மென்பொருளுக்கு பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுத ஆசைப்படுபவர்கள் முதல் நாளே ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இறங்க வேண்டாம். எது எதைச் சார்ந்திருக்கிறது என்பது பிடிபட்ட பிறகு நிரல் எழுதினால் பாதித் தவறு வராது. அதைப் பழக, வடிவியல் படம் வரையும் மென்பொருளான ஜியோஜீப்ரா கிளாசிக் 5 போதும்.

ஏ, பி, சி என்று மூன்று புள்ளிகள் வையுங்கள். ஏபி, பிசி இரண்டுக்கும் மையக்குத்துக்கோடு போடுங்கள். அவை வெட்டும் இடம்தான் மையம்; அதை 'இன்டர்செக்ட்' கருவியால்தான் குறிக்க வேண்டும். கண்ணளவில் புள்ளி வைத்தால் படம் சரியாகத்தான் தெரியும். ஏ-யை இழுத்ததும் மையம் நின்ற இடத்திலேயே நிற்கும். மையத்திலிருந்து ஏ வழியாக வட்டம் வரையுங்கள். மூன்று புள்ளிகள் வழியாகவும் போகும் இதுதான் சுற்றுவட்டம்.

'டூல்ஸ்' மெனுவில் 'கிரியேட் நியூ டூல்'. வெளியீட்டில் வட்டத்தையும் மையத்தையும் மட்டும் சேருங்கள். குத்துக்கோடுகளைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் திரை குப்பையாகும். உள்ளீட்டுப் பட்டியலை ஜியோஜீப்ராவே நிரப்பும். அங்கே ஏ, பி, சி மூன்றும் மட்டும் இல்லாமல் வேறு மாதிரி இருந்தால், எங்கோ கண்ணளவில் வைத்திருக்கிறீர்கள். திரும்பிப் போய்ச் சரிசெய்யுங்கள். கடைசியாகப் பெயர் கொடுத்து முடியுங்கள்.

சோதிக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். (0,0), (6,0), (0,8) கொடுத்தால் மையம் (3,4), ஆரம் 5 வர வேண்டும். மூன்றாம் புள்ளியை (12,0)-க்கு மாற்றினால் வட்டம் மறையும். மூன்றும் ஒரே கோட்டில் விழுந்து, குத்துக்கோடுகள் இணையாகிவிட்டன. அது பிழை அல்ல.

வகுப்பில் காட்ட நம்மூர் வரைபடத்தைப் படமாகச் செருகி, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர் மூன்றின் மேலும் கருவியை ஓட்டுங்கள். மையம் முக்கோணத்துக்கு வெளியே போய் விழும். பள்ளிகொண்டாவில் கோணம் விரிகோணம், அதனால்தான். "கருவி தப்பு சார்" என்று பிள்ளைகள் சொல்லும் இடம் இது. பாடம் நடத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

'மேனேஜ் டூல்ஸ்' வழியாகச் சேமித்தால் ஜிஜிடி கோப்பு கிடைக்கும். உண்மையில் அது ஒரு ஜிப் கோப்பு. நகலெடுத்து, பெயரின் முடிவை ஜிப் என்று மாற்றித் திறந்து, உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பைப் (குறிச்சொற்களோடு எழுதிய உரைக்கோப்பு) படியுங்கள். நீங்கள் கையால் செய்த ஒவ்வொரு படியும், தனக்கு வேண்டிய உள்ளீட்டோடும் தான் தரும் வெளியீட்டோடும், கட்டளையாக வரிசையில் நிற்கும். ஜாவாஸ்கிரிப்டை அதற்குப் பிறகு எடுங்கள்.