டிவைஸ் ட்ரீயில் மெமரி முகவரி எழுதுவதும், அதை டிரைவரில் எடுப்பதும் எப்படி

ராஸ்பெர்ரி பையின் முதல் போர்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன லினக்ஸ் கெர்னல் மாட்யூலை, பை 2 கைக்கு வந்ததும் மறுபடி கம்பைல் செய்து ஏற்றினேன். எல்ஈடி எரியவில்லை, திரை முழுக்க ஊப்ஸ் என்ற கெர்னல் பிழைச் செய்தி கொட்டியது. மாட்யூலுக்குள் ஜிபிஐஓ (போர்டின் பின்களை இயக்கும் பகுதி) ரெஜிஸ்டர்களின் முகவரியை ஹெக்ஸில் 20200000 என்று நேராக எழுதி வைத்திருந்தேன், அதுதான் காரணம். பழைய போர்டில் ரேம் அதிகபட்சம் 512 எம்பி. அது 20000000-க்கு முன்பே முடிந்துவிடும், பெரிஃபரல்கள், அதாவது சிப்புக்குள் இருக்கும் சாதனங்கள், அங்கிருந்து ஆரம்பிக்கும். பை 2-இல் ரேம் 1 ஜிபி, பெரிஃபரல்கள் ஆரம்பிப்பது 3எஃப்000000-இல். நான் எழுதிய 20200000 இப்போது சாதாரண ரேமுக்கு நடுவில் விழுகிறது. ஏஆர்எம் (பையில் இருக்கும் ப்ராசஸர் வகை) கெர்னல் ரேமை ஐஓரீமேப் (சாதன முகவரியைக் கெர்னல் தொடக்கூடிய முகவரியாக மேப் செய்யும் ஃபங்ஷன்) செய்ய விடாது, எதையும் காட்டாத நல் பாயிண்டரைத்தான் திருப்பித் தரும், நானோ அதைச் சோதிக்காமல் அப்படியே எழுதப் போனேன்.

இந்த ஒரு தவறிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இதுதான்: முகவரி டிரைவருக்குள் இருக்கக் கூடாது. டிரைவருக்கு ரெஜிஸ்டர்களின் வரிசை தெரிந்தால் போதும், அந்த ரெஜிஸ்டர்கள் இந்த போர்டில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதைக் கெர்னலிடம் கேட்டு வாங்க வேண்டும். கெர்னலுக்கு அதைச் சொல்வது டிவைஸ் ட்ரீ: போர்டில் எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று மரம்போல நோடு நோடாக எழுதிக் கொடுக்கும் கோப்பு. அதில் நாம் எப்படி எழுதித் தெரிவிப்பது என்பதைப் பை 3-ஐ வைத்து ஒரு முழு உதாரணமாகச் செய்து பார்ப்போம். (ஹெக்ஸ் எண்களில் வரும் ஆறு எழுத்துகளையும் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்றே எழுதுகிறேன். இங்கே வரும் முகவரிகளும் ஆஃப்செட்களும், ரெக், ரேஞ்சஸ் வரிகளில் வரும் நீளங்களும் எல்லாம் ஹெக்ஸ்.)

யூஎஸ்பி, பிசிஐ கார்டுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிசிஐ கார்டு தான் யார் என்று தானே சொல்லும், தனக்கு எவ்வளவு முகவரி இடம் வேண்டும் என்பதையும் சொல்லும். கார்டின் முகவரியை வைக்கும் 'பார்' என்ற ரெஜிஸ்டரில் எல்லா பிட்டையும் 1 ஆக்கி எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் அளவு தெரிந்துவிடும். ஒரே சிப்புக்குள் பதிந்திருக்கும் யுஆர்ட், டைமர், ஐ2சி போன்றவை அப்படிப் பேசாது. அவை எங்கே இருக்கின்றன என்று யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஏஆர்எம் உலகத்தில் ஒரு காலத்தில் இதை ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி கோப்பாகக் கெர்னலுக்குள்ளேயே எழுதினார்கள். போர்டுகள் பெருகப் பெருக அந்தக் கோப்புகளும் பெருகி, 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கோபப்படும் அளவுக்குப் போனது. அதன்பிறகுதான் ஏஆர்எம் வேகமாக டிவைஸ் ட்ரீ பக்கம் நகர்ந்தது. அது புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றும் இல்லை, சன் இயந்திரங்களிலும் பவர்பிசியிலும் இருந்த ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வந்தது. அதற்கு 1994-லேயே ஐஇஇஇ 1275 என்ற தரநிலை இருந்தது. உங்கள் மடிக்கணினியில் இதே வேலையின் பெரும்பகுதியை ஏசிபிஐ அட்டவணைகள் செய்கின்றன.

சரி, எழுதுவதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான். ஒரே ரெஜிஸ்டருக்கு மூன்று முகவரி உண்டு. பிராட்காம் கையேட்டைத் திறந்தால் ஜிபிஐஓ 7ஈ200000-இல் இருப்பதாகப் போட்டிருக்கும், அது சிப்பின் உள் பஸ் பார்க்கிற முகவரி. ப்ராசஸர் அதே இடத்தைப் பை 3-இல் 3எஃப்200000 என்று பார்க்கிறது, இது ஃபிசிக்கல் முகவரி. கெர்னல் கோடு அந்த இரண்டையுமே நேராகத் தொட முடியாது, முகவரிகளை மாற்றித் தரும் எம்எம்யூ நடுவில் இருப்பதால் பேஜ் டேபிளில் மேப் செய்து கிடைக்கும் விர்ச்சுவல் முகவரி வழியாகத்தான் போக முடியும். பஸ் முகவரியை ஃபிசிக்கலாக மாற்றுவது டிவைஸ் ட்ரீயின் வேலை. ஃபிசிக்கலை விர்ச்சுவலாக மாற்றுவது ஐஓரீமேப்பின் வேலை. கையேட்டு எண்ணை நேராக ஐஓரீமேப்பில் கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஜிபிஐஓவை எடுக்காமல் சிஸ்டம் டைமரை எடுக்கிறேன். ஜிபிஐஓ பகுதியைக் கெர்னலின் பின்கண்ட்ரோல் (பின்களை நிர்வகிக்கும்) டிரைவர் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும், அதோடு நாம் மோதக் கூடாது. டைமர் பாவம், சும்மா ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு எண்ணி: ஒரு விநாடிக்கு 10 லட்சம் முறை கூடும், படித்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதன் பஸ் முகவரி 7ஈ003000. எண்ணியின் கீழ் 32 பிட் ஆஃப்செட் 04-இலும், மேல் 32 பிட் 08-இலும் இருக்கின்றன.

இப்போது நோடை எழுதலாம். ஒரு ஓவர்லே கோப்பு (இருக்கும் டிவைஸ் ட்ரீயின் மேல் சேர்க்கும் துண்டு) உண்டாக்கி, அது போய்ச் சேர வேண்டிய இடமாக எஸ்ஓசி நோடைக் காட்டுங்கள், சிப்பின் சாதனங்களெல்லாம் இருப்பது அதன் கீழேதான். உங்கள் நோடின் பெயரில் ஆட் (@) குறிக்குப் பிறகு 7ஈ003000 வரட்டும். உள்ளே இரண்டு வரி கட்டாயம். ஒன்று கம்பாட்டிபிள்: இது எந்த டிரைவருக்கு உரியது என்று சொல்லும் சரம், வழக்கமாக நிறுவனப் பெயர், காற்புள்ளி, சாதனப் பெயர் என்ற வடிவில். எஸ்ஓசியில் ஏற்கெனவே இருக்கும் டைமரின் சரத்தை நகல் எடுக்காதீர்கள், உங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ரெக்: அதில் இரண்டு எண், முதலில் 7ஈ003000, அடுத்து நீளம் 1000, அதாவது 4096 பைட்.

ரெக்கில் ஏன் இரண்டே எண்? இது அந்த நோடில் எழுதியிருக்காது, அதன் தாய் நோடில் எழுதியிருக்கும். எஸ்ஓசி நோடில் அட்ரஸ்-செல்ஸ் 1, சைஸ்-செல்ஸ் 1 என்று இருக்கிறது, அதாவது பிள்ளைகள் எல்லாம் முகவரிக்கு ஒரு செல், நீளத்துக்கு ஒரு செல் என்று எழுத வேண்டும், செல் என்பது ஒரு 32 பிட் எண். பல 64 பிட் சிப்களில் இரண்டுமே 2, அங்கே ரெக்கில் நான்கு எண் வரும், முதலாவது பெரும்பாலும் 0. வேறொரு போர்டின் நோடை நகல் எடுத்து ஒட்டும்போது இந்த எண்ணிக்கை மாறியிருந்தால் டிவைஸ் ட்ரீயைக் கம்பைல் செய்யும் டிடிசி ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டுக் கோப்பை உருவாக்கிவிடும், அந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்து ரேஞ்சஸ். முழு விஷயத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எஸ்ஓசி நோடில் ரேஞ்சஸ் என்ற வரியில் முதல் மூன்று எண்கள் 7ஈ000000, 3எஃப்000000, 1000000. இதைப் படிக்கும் விதம்: பிள்ளைகள் 7ஈ000000 என்று சொல்வதைத் தாய் வீட்டில் 3எஃப்000000 என்று எடுத்துக்கொள், இது 16 எம்பி நீளத்துக்குச் செல்லும். அப்படியானால் நம் டைமர் 7ஈ003000-லிருந்து 7ஈ000000-ஐக் கழித்தால் 3000, அதை 3எஃப்000000-உடன் கூட்டினால் 3எஃப்003000. கெர்னல் பூட் ஆகும்போது செய்வது இதே கணக்கைத்தான், வேரை எட்டும் வரை ஒவ்வொரு படியாக மேலே ஏறிச் செய்யும். முதல் பையில் நடு எண் 20000000 என்று இருக்கும். பை 4-இல் எஃப்ஈ000000, அதற்கு முன்னால் ஒரு 0 கூடுதலாக இருக்கும், ஏனென்றால் அங்கே வேர் நோடின் முகவரி 2 செல். நம் நோடில் ஒரு எழுத்துகூட மாற வேண்டாம், மூன்று போர்டிலும் 7ஈ003000 தான். என் பழைய மாட்யூல் செத்த இடத்தில் இது பிழைத்துக்கொள்கிறது.

ரேஞ்சஸ் பற்றி இன்னொன்று. அந்த வரி காலியாக இருந்தால், அதாவது பெயர் மட்டும் இருந்து எண் இல்லையென்றால், தாயும் பிள்ளையும் ஒரே முகவரியைப் பேசுகின்றன என்று அர்த்தம். வரியே இல்லையென்றால் பிள்ளையின் எண்ணை ப்ராசஸர் முகவரியாக மாற்ற வழியே இல்லை என்று அர்த்தம். ஐ2சி பஸ்ஸின் கீழே ஒரு சென்சாருக்கு ரெக் 48 என்று இருக்கும், அது மெமரி முகவரி கிடையாது, அதனால்தான் அங்கே ரேஞ்சஸ் இருக்காது. நீங்களே ஒரு பஸ் நோடு எழுதிவிட்டு இந்த வரியை மறந்துபோனால் பிள்ளை டிரைவர் முகவரி கிடைக்காமல் தோற்கும், காரணம் தேடி அரை நாள் போய்விடும்.

இனி டிரைவர். பிளாட்ஃபார்ம் டிரைவர் (இப்படித் தானே பேசாத சாதனங்களுக்கான டிரைவர் வகை) ஒன்று எழுதி, அதன் மேட்ச் அட்டவணையில் உங்கள் கம்பாட்டிபிள் சரத்தைப் போடுங்கள். கெர்னல் நோடைப் பார்த்து பிளாட்ஃபார்ம் டிவைஸ் ஒன்றை உண்டாக்கி, சரம் பொருந்தினால் உங்கள் ப்ரோப் ஃபங்ஷனைக் கூப்பிடும். ப்ரோப்புக்குள் ஒரே ஒரு அழைப்பு: டெவ்எம்_பிளாட்ஃபார்ம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ், அதற்கு டிவைஸையும் 0 என்ற எண்ணையும் கொடுங்கள். 0 என்றால் ரெக்கின் முதல் பகுதி. இந்த ஃபங்ஷன் 2019-இல் 5.1 கெர்னலில் வந்தது. அதற்கு முன்பு ரிசோர்ஸைக் கேட்டு வாங்குவது, பகுதியைப் பிடிப்பது, மேப் செய்வது என்று தனித்தனியாக எழுதிய வேலையை இது ஒன்றாகச் செய்துவிடுகிறது, டிவைஸ் விலகும்போது தானே விடுவித்தும் விடுகிறது. புதிதாக எழுதுகிறவர் பழைய வழியில் போக எந்தக் காரணமும் இல்லை என்பது என் கருத்து.

திரும்பி வரும் மதிப்பில் கவனம் வேண்டும். வெறும் ஐஓரீமேப் தோற்றால் நல் வரும், ஆனால் இந்த ஃபங்ஷன் தோற்றால் பிழை எண்ணைப் பாயிண்டர் வடிவத்தில் சுற்றித் தரும். அதனால் வந்தது நல் தானா என்று சோதித்தால் பிழை நழுவிவிடும், ஐஎஸ்_எர்ர் என்பதைக் கொண்டு சோதித்து, பிடிஆர்_எர்ர் தரும் எண்ணை ப்ரோப்பிலிருந்து அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

கிடைத்த பாயிண்டரை ஐஓமெம் என்ற குறியோடு அறிவியுங்கள். சி கம்பைலருக்கு அது பெரிதாக ஒன்றும் சொல்லாது, ஆனால் கோடைச் சோதிக்கும் ஸ்பார்ஸ் கருவியை ஓட்டினால் சாதாரண பாயிண்டரோடு கலந்த இடங்களைக் காட்டிக்கொடுக்கும். அப்புறம், அந்தப் பாயிண்டரை நட்சத்திரம் போட்டு நேராகப் படிக்கவே கூடாது. எக்ஸ்86-இல் அது ஓடிவிடலாம், அதனால்தான் இந்தப் பழக்கம் விடுவதில்லை. ஏஆர்எம்மில் கம்பைலர் ஒரு படிப்பை நீக்கிவிடலாம், இரண்டை ஒன்றாக்கலாம், டிஎம்ஏ (ப்ராசஸர் தலையிடாமல் சாதனமே ரேமைப் படித்து எழுதுவது) பஃபரில் எழுதியது போய்ச் சேரும் முன்பே சாதனத்துக்கு ஆரம்பி என்ற கட்டளை போய்விடலாம். ரெஜிஸ்டரைப் படிக்கும் ரீட்எல், எழுதும் ரைட்எல் இரண்டும் இதையெல்லாம் பார்த்துக்கொள்கின்றன. ரிலாக்ஸ்ட் என்ற வால் உள்ள வகைகள் வேகமானவை, ஆனால் அவற்றுக்கு டிஎம்ஏவோடு வரிசை உத்தரவாதம் கிடையாது, தேவை என்று அளந்து பார்த்த பிறகு மட்டும் தொடுங்கள்.

நம் ப்ரோப்பில் பாயிண்டரோடு 4-ஐக் கூட்டி ரீட்எல் செய்து ஒரு மாறியில் வையுங்கள், எம்ஸ்லீப் 1000 (மில்லிவிநாடி) போட்டு மறுபடி படியுங்கள், இரண்டின் வித்தியாசத்தை டெவ்_இன்ஃபோவில் அச்சிடுங்கள். 10 லட்சத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வர வேண்டும், எம்ஸ்லீப் கேட்டதைவிடச் சற்று அதிகமாகவே தூங்கும். வித்தியாசத்தை 32 பிட் அன்சைன்ட் எண்ணாகவே கணக்கிடுங்கள், இந்த எண்ணி சுமார் 71 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி மறுபடி 0-க்கு வரும்.

சோதிக்கும்போது ரூட்டாக ப்ராக் கோப்பகத்தில் உள்ள ஐஓமெம் கோப்பைப் படியுங்கள். ரூட் இல்லாமல் படித்தால் எல்லா முகவரியும் 0 என்றே காட்டும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 3எஃப்003000-லிருந்து 3எஃப்003எஃப்எஃப்எஃப் வரை உங்கள் நோடின் பெயரோடு ஒரு வரி இருந்தால் முகவரி மாற்றமும் பகுதியைப் பிடித்ததும் சரி. கடைசி முகவரியும் சேர்த்திதான், நீளம் வேண்டுமென்றால் கழித்து 1 கூட்ட வேண்டும், அதைக் கையால் செய்யாமல் ரிசோர்ஸ்_சைஸ் என்பதையே அழையுங்கள். வரி இல்லை, ப்ரோப்பும் ஓடவில்லை என்றால் ப்ராக்கில் உள்ள டிவைஸ்-ட்ரீ கோப்பகத்துக்குள் போய் உங்கள் நோடு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓவர்லே ஏறவில்லை. இருந்தால் கம்பாட்டிபிள் சரத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், இடையில் ஒரு இடைவெளி அதிகமாக இருந்தாலும் பொருந்தாது.

ப்ரோப் ஓடி, மைனஸ் 16 என்று பிழை வந்தால் அது இபிஸி, அந்தப் பகுதியை வேறு டிரைவர் ஏற்கெனவே பிடித்திருக்கிறது. வெறும் ஐஓரீமேப்புக்கு மாறினால் பிழை போய்விடும், பலர் அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் இரண்டு டிரைவர்கள் ஒரே ரெஜிஸ்டரைப் படித்துத் திருத்தி எழுதும்போது ஒருவர் வைத்த பிட்டை இன்னொருவர் அழிப்பார், அந்தப் பிழை வாரத்துக்கு ஒருமுறைதான் தலைகாட்டும். உண்மையிலேயே பகிர வேண்டிய பகுதியென்றால் அந்த நோடைச் சிஸ்கான் (பல டிரைவர்கள் பகிரும் ரெஜிஸ்டர் பகுதி) ஆக்கி, ரெக்மேப் என்ற கெர்னல் இடைமுகம் வழியாக இருவரும் போகட்டும், அதில் லாக் இருக்கிறது.

டிஎம்ஏ பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்ஓசி நோடில் டிஎம்ஏ-ரேஞ்சஸ் என்று தனியாக ஒரு வரி உண்டு. அது எதிர்த் திசைக்கானது, சாதனங்கள் ரேமை எந்த முகவரியில் பார்க்கின்றன என்பதைச் சொல்கிறது. பை 3-இல் நமக்கு 0-இல் ஆரம்பிக்கும் ரேம் டிஎம்ஏ எஞ்சினுக்கு சி0000000-இல் ஆரம்பிக்கிறது, முதல் பையில் அதே ரேம் 40000000-இல். ஃபிசிக்கல் முகவரியை எடுத்து டிஎம்ஏ ரெஜிஸ்டரில் எழுதாமல், டிஎம்ஏ_மேப்_சிங்கிள் அல்லது டிஎம்ஏ_அலாக்_கோஹெரண்ட் தரும் முகவரியை மட்டும் எழுதினால் இந்தக் கணக்கையும் கெர்னலே போட்டுவிடும்.