குழந்தைக்கு உடலறிவு: டயபர் நாளிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

“குட் டச், பேட் டச்” சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு பல பெற்றோருக்கு, பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போதுதான் வருகிறது. அதற்குள் மூன்று வருடப் பாடம் முடிந்திருக்கும். யார் கை நீட்டினாலும் போக வேண்டும், பெரியவர்கள் கேட்டால் முத்தம் கொடுக்க வேண்டும், ‘அந்த’ இடத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள் அல்லது அடிப்பார்கள் என்பதையெல்லாம் நம் கைகளே கற்றுக்கொடுத்திருக்கும். பிறகு ஒரு நாள் உட்காரவைத்து “பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லு” என்றால், பிள்ளை எதை நம்பும்?

சொல்லாமல் தூக்குவது

கைக்குழந்தை எப்படிச் சம்மதம் சொல்லும்? வாயால் சொல்லாதுதான். ஆனால் தன் உடம்பில் கைவைக்கும் முன் ஒரு வார்த்தை சொல்வார்கள் என்பதற்குப் பழகும். டயபர் மாற்றும்போது, “டயபரைக் கழட்டுறேன், ஈரத்துணியால தொடைக்கிறேன், சில்லுனு இருக்கும்” என்று சொல்லி, மூன்று நான்கு நொடி நிறுத்தி, பிறகு தொடுங்கள். சில மாதங்களில் பிள்ளை தானே காலைத் தூக்கிக் கொடுக்கத் தொடங்கும். முகத்தைத் திருப்புவது, முதுகை வில்லாக வளைப்பது, கையைத் தள்ளுவது எல்லாம் அந்த வயதின் ‘வேண்டாம்’. விளையாட்டிலும் கொஞ்சலிலும் அதை அப்போதே மதிக்கலாம்.

கிச்சுகிச்சு மூட்டுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிச்சுகிச்சுச் சிரிப்பு தானாக வருவது, பிடிக்காவிட்டாலும் வரும். சில நொடிக்கு ஒருமுறை கையை எடுத்துவிட்டு “இன்னும் வேணுமா?” என்று கேளுங்கள். சட்டையைத் தூக்கிக் காட்டினால் தொடரலாம். நகர்ந்துபோனால் அத்தோடு சரி.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: மறுக்கவே முடியாத இடத்தில் கேள்வி கேட்பது. “ஊசி போட்டுக்கலாமா?” என்று கேட்டு, பிள்ளை “வேணாம்” என்றதும் பிடித்து அமுக்கிப் போட்டால், தன் மறுப்புக்கு மதிப்பில்லை என்றுதான் அது புரிந்துகொள்ளும். “ஊசி போட்டே ஆகணும். அம்மா மடியிலயா, அப்பா மடியிலயா?” என்று கேளுங்கள். பல் துலக்குவது, மருந்து கொடுப்பது எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

பிள்ளையைக் குளிப்பாட்டும் பாட்டியிடம் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னால் தள்ளிச் சுத்தம் செய்யக் கூடாது. பிறக்கும்போது அது ஒட்டித்தான் இருக்கும். விலகச் சில வருடங்கள் ஆகலாம். பலவந்தமாக இழுத்தால் ரத்தம் கசியும், தழும்பு விழும். அதேபோல் பச்சைக்குழந்தையின் மார்பு வீங்கியிருக்கிறது என்று பிதுக்கிப் பால் எடுக்கக் கூடாது. அது தாயின் ஹார்மோனால் வருவது, தானே வடியும். பிதுக்கினால்தான் சீழ்கட்டி வரும்.

பெயர் வைக்காமல் விடுவது

ஒன்றரை வயதில் “மூக்கு எங்கே? காது எங்கே?” என்று விளையாடுகிறோம். தொப்புள் வரை வந்து, அங்கிருந்து முழங்காலுக்குத் தாவிவிடுகிறோம். குளிக்கும்போது “கழுத்து, கக்கம், தொப்புள், ஆண்குறி, தொடை” என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனால் போதும். இதற்கெனத் தனி வகுப்பு வேண்டாம். பெண் குழந்தைக்குப் பெண்ணுறுப்பு, இருவருக்கும் ஆசனவாய்.

வீட்டுச் செல்லப்பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். ‘குஞ்சு’ என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் புரியும். சிக்கல் பெண் குழந்தைக்குத்தான்: பல வீடுகளில் ‘அங்க’, ‘கீழ’ என்பதற்கு மேல் பெயரே கிடையாது. இன்னும் சில வீடுகளில் ‘பூ’. “அந்த அண்ணா என் பூவைப் புடுங்குனாங்க” என்று நான்கு வயதுப் பிள்ளை சொன்னால், டீச்சர் “சரி, வேற பூ வெச்சுக்கலாம்” என்பார். பிள்ளை சொல்லிவிட்டது, கேட்டவருக்குத்தான் போய்ச் சேரவில்லை.

“ஷேம் ஷேம் பப்பி ஷேம்” பாடுவதும், “குஞ்சைக் காக்கா தூக்கிட்டுப் போயிடும்” என்ற மாமாவின் கேலியும் இதே வரிசை. வெட்கப்பட வேண்டிய இடம் என்று பழகிய பிள்ளை, அங்கே ஏதாவது நடந்தால் முதலில் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று வயதில் பிள்ளை தன் உறுப்பைத் தொட்டுப் பார்ப்பது இயல்பு. கையில் அடிக்காமல், “அது உன் ரூம்ல தனியா இருக்கும்போது, ஹால்ல வேண்டாம்” என்றால் போதும். ஓயாமல் சொறிந்தால், குறிப்பாக ராத்திரியில் ஆசனவாய் அரித்தால், நூல்புழுவாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கட்டாய முத்தம்

விசேஷ வீட்டில் “பெரியப்பாவுக்கு ஒரு முத்தா குடு, குடுத்தாதான் சாக்லேட்” என்பது அன்பாகத்தான் சொல்லப்படுகிறது. ஆனால் பிள்ளைகளிடம் பாலியல் குற்றம் செய்பவன் கையாளும் முறையும் இதுவேதான்: ஒரு பரிசு, ஒரு தொடுதல், மறுத்தால் கோபம். வித்தியாசம் காணச் சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. உறவைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையை உங்கள் பக்கம் அணைத்துக்கொண்டு, “இப்ப வரமாட்டேங்குறா பெரியப்பா, வணக்கம் சொல்லுவா” என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். மரியாதையும் குறையாது. பிறகு வீட்டில் “ஏன்டி மானத்தை வாங்குற” என்று திட்டினால் எல்லாம் வீண்.

“அப்பாகிட்ட சொல்லாதே”

மிகச் சாதாரணமாகத் தெரிவதும், மிகவும் கெடுப்பதும் இந்தத் தவறுதான். ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்துவிட்டு, போன் பார்க்கவிட்டுவிட்டு, “அப்பாகிட்ட சொல்லாதே” என்கிறோம். பெரியவர்களின் ரகசியத்தைக் காப்பது நல்ல பிள்ளையின் அடையாளம் என்று அது பழகிக்கொள்கிறது. வீட்டில் ரகசியமே வேண்டாம். சர்ப்ரைஸ் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் கேக் போன்ற சர்ப்ரைஸ் எப்படியும் எல்லோருக்கும் தெரியவரும். “சொல்லாதே” என்று யார் சொன்னாலும், பாட்டியே சொன்னாலும், வந்து சொல்லலாம் என்பது விதி.

“பேட் டச் வலிக்கும்”

எப்போதும் வலிக்காது. கூச்சமாக, விளையாட்டாக, சில நேரம் சுகமாகக்கூட இருக்கும். அப்போது “இது பேட் டச் இல்லையோ” என்று பிள்ளை குழம்பும். ஊசியோ வலிக்கும், ஆனால் தவறில்லை. உணர்ச்சியைவிட விதியைச் சொல்வது மேல். மூன்று வயதிலிருந்து சொல்லலாம்: “ஜட்டி மூடுற இடத்தை யாரும் தொடவோ, பார்க்கவோ, போட்டோ எடுக்கவோ கூடாது, அவங்களோடதைத் தொடச் சொல்லவும் கூடாது. கழுவிவிடவும், டாக்டர் பார்க்கவும் மட்டும் தொடலாம், அப்பவும் அம்மாவோ அப்பாவோ கூட இருப்போம்.” ஐந்து வயதுக்குள் தானே கழுவப் பழக்குங்கள். பெண் குழந்தை முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் சிறுநீர்த்தொற்று வரலாம்.

“தெரியாத அங்கிள்கிட்ட போகாதே” என்பதோடு நிறுத்துவதும் போதாது. இத்தகைய குற்றங்களில் பெரும்பாலானவை தெரிந்தவர்களால்தான் நடக்கின்றன. பையனுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று விடுவதும் தவறு; பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. “கத்து, ஓடு” என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், பயத்தில் உறைந்துபோன பிள்ளை அதையும் தன் தப்பு என்று எடுத்துக்கொள்ளும். “கத்த முடியலைன்னாலும் பரவாயில்லை, எப்ப வேணும்னாலும் வந்து சொல்லு” என்பதையும் சேருங்கள். யாரிடம் சொல்வது என்று நான்கைந்து பேரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும்.

பிள்ளை சொன்ன பிறகு

“நிஜமாவா? நல்லா யோசிச்சுச் சொல்லு” என்று குடையாதீர்கள். “மாமா இங்க தொட்டாரா?” என்று பதிலை எடுத்துக்கொடுக்கவும் கூடாது. “சொன்னது நல்லது. உன் மேல தப்பில்லை” என்று சொல்லிவிட்டு, பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதிவையுங்கள். இப்போதுதான் நடந்தது என்றால் குளிப்பாட்டவோ, போட்டிருந்த துணியைத் துவைக்கவோ வேண்டாம். சம்பந்தப்பட்டவரிடம் நேரே சண்டைக்குப் போனால் சாட்சியம் கலையும், பிள்ளை மேல் மிரட்டலும் வரும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை: போக்சோ 19-வது பிரிவின்படி, குற்றம் தெரியவந்தவர் போலீசில் சொல்லியாக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிள்ளையை இழுத்துப்போக வேண்டுமே என்ற பயத்தில்தான் பலர் மூடி மறைக்கிறார்கள். 24-வது பிரிவின்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயோ அதற்குப் பிடித்த வேறு இடத்திலேயோ வைத்து எடுக்கலாம். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்க முடியாது.