தொட்டித் தாமரை: பசியை விட விருந்துதான் ஆபத்து

மாசி பிறந்தால் போதும், மொட்டை மாடித் தோட்டக்காரர்களுக்குத் தாமரை ஆசை வந்துவிடும். கூரியரில் கிழங்கு வரும், புது டப் வரும், கொஞ்ச நாளில் என் போனுக்குப் படமும் வரும். கலங்கிய தண்ணீர், ஓரம் கருகிய இரண்டு சின்ன இலைகள், கீழே "அண்ணா, இது ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்று ஒரு வரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமலே காரணத்தைச் சொல்லிவிடலாம். தாமரை வளர்க்கிற எல்லோரும் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துதான், ஆள்தான் புதிது.

வெயில் வேண்டும், டப்பில் ஓட்டை இருக்கக் கூடாது, தண்ணீர் வற்றக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். தோட்டக்கலையில் கைதேர்ந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

அடியுரம் என்ற பெயரில் விருந்து வைப்பது

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் மாடியில் ரோஜாவும் கறிவேப்பிலையும் வளர்ந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். அவர் தாமரை வைத்த கதையைக் கேளுங்கள். நல்ல விலை கொடுத்து, அடுக்கு இதழ் ரகத்தில் ஒரு கிழங்கு வாங்கினார். பால்காரரிடம் சொல்லிச் சாணம் வரவழைத்து, ஈரம் காய்வதற்குள் டப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு நிரப்பினார். மேலே எலும்புத்தூள், வேப்பம்புண்ணாக்கு, ஒரு கைப்பிடி டிஏபி ரசாயன உரம். அதற்கு மேல் செம்மண், அதற்கும் மேல் தண்ணீர். ரோஜாவை அப்படித்தான் கவனித்துப் பழக்கம்.

முதல் வாரம் காசு அளவில் இரண்டு இலைகள் மிதந்தன. அடுத்து மண்ணிலிருந்து குமிழி வரத் தொடங்கியது. "மண் மூச்சு விடுது" என்று சந்தோஷப்பட்டார். இலை ஓரம் கருகியதும், செடி பலவீனமாக இருக்கிறதென்று இன்னும் கொஞ்சம் உரம் போட்டார். கொசுவுக்காக விட்டிருந்த கப்பி மீன்கள் முதலில் செத்து மிதந்தன. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். கையை விட்டுப் பார்த்தால் அடி மண் கன்னங்கரேல் என்று இருந்தது, அழுகிய முட்டை வாடை. கிழங்கு, வெந்த சேப்பங்கிழங்கு போல விரலுக்கிடையில் பிதுங்கியது. குருத்து எங்கே என்றே தெரியவில்லை.

இதில் எனக்கு எரிச்சல் அக்கா மேல் இல்லை. "கீழே சாணம் ஒரு லேயர், மேலே மண்புழு உரம் ஒரு லேயர்" என்று கேக் அலங்காரம் மாதிரி அடுக்கிக் காட்டும் வீடியோக்கள் மேல்தான். அடுக்குவதைக் காட்டுகிறார்கள், மொட்டு விட்ட வேறொரு டப்பைக் காட்டுகிறார்கள், இடைப்பட்ட ஒன்றரை மாதத்தைக் காட்டுவதே இல்லை.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் மண்ணில் காற்று மிகக் குறைவு. மக்காத சாணத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் காலி செய்துவிடும். அதன் பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிர்கள் வேலையில் இறங்கும். குமிழியாக வரும் மீத்தேன், முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு எல்லாம் அவற்றின் கைங்கரியம். வளர்ந்த தாமரை இதை ஓரளவு தாக்குப்பிடிக்கும். தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் இலைகள் காற்றை இழுத்து, தண்டிலுள்ள குழாய்கள் வழியாகக் கிழங்கு வரை அனுப்புகின்றன. இப்போதுதான் நட்ட கிழங்குக்கு அந்த வசதி ஏது?

இன்னொரு விஷயமும் உண்டு. கிழங்கு தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தில்தான் முதல் சில இலைகளை விடுகிறது. அதிலிருந்து மண்ணுக்குள் புதிதாக ஓடும் கொடியின் கணுக்களில்தான் நல்ல வேர்கள் இறங்கும். வேரே இறங்காத செடிக்கு உரம் போட்டால் யார் சாப்பிடுவது? பாசிதான்.

"குளத்தில் மாடு இறங்குகிறதே, சாணம் விழுகிறதே, அங்கே தாமரை பூக்கவில்லையா?" என்று இதற்கு எதிர்வாதம் வரும். பூக்கிறது. குமரி மாவட்டத்துக் குளங்களில் பறிக்கும் தாமரை தோவாளைச் சந்தைக்கு வந்து குவிகிறது. ஆனால் அங்கே ஏக்கர் கணக்கில் தண்ணீர், வருஷக்கணக்காகப் படிந்து அடங்கிய வண்டல். உங்கள் டப்பில் இருப்பது இரண்டு குடம் தண்ணீர்.

சரி, என்னதான் செய்வது? வெறும் களிமண் போதும். வயல் மண்ணோ, கோடையில் கண்மாயில் வெட்டும் கரம்பையோ கிடைத்தால் இன்னும் நல்லது. 18 அங்குல அகல டப் என்றால் 5, 6 அங்குலத்துக்கு மண், அதற்கு மேல் 3 அங்குலம் தண்ணீர். சாணம் வைக்காமல் மனம் ஆறாது என்றால், ஒரு வருஷம் பழசான, கையில் எடுத்தால் பொடியாக உதிரும் தொழுவுரத்தை அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் ஊற்றி இரண்டு வாரம் சும்மா விடுங்கள். குமிழி அடங்கி வாடை போன பிறகு கிழங்கை வையுங்கள். நான் அதுகூட வைப்பதில்லை.

நிமிர்ந்த இலைகள் மூன்று நான்கு வந்த பிறகுதான் உரப் பேச்சு. ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான டிஏபியைச் செய்தித்தாள் துண்டில் மடித்து, டப்பின் ஓரமாக, கொடி நுனி இல்லாத பக்கத்தில் விரல் ஆழத்துக்கு அழுத்திவிடுங்கள். அடுத்த முறைக்கு மூன்று வாரம் போகட்டும். தண்ணீரில் தூவினால் அது பாசிக்கும் மீன்களுக்கும்தான் போய்ச் சேரும்.

தேங்காய் நார்த்தூள்

மிதக்கும். வேண்டாம்.

சதுர டப்

கொடி மூலையில் போய் முட்டி, திரும்ப வழியில்லாமல் நுனி நசுங்கும். வட்டமாக, ஆழத்தை விட அகலம் அதிகமாக இருப்பதை வாங்குங்கள்.

கிழங்கை நட்டுக்குத்தாக ஊன்றுவது

கிழங்கைப் படுக்க வைக்க வேண்டும். அதன் நுனியில் ஊசி மாதிரி கூராக, இளமஞ்சளில் ஒரு குருத்து இருக்கும். மொத்தப் பணமும் அந்தக் குருத்துக்குத்தான். அது ஒடிந்து, கணுவில் வேறு குருத்தும் இல்லையென்றால் மிச்சக் கிழங்கைப் பொரியல் செய்துகொள்ளலாம். பார்சல் பிரிக்கும்போதே பாதிப் பேர் இதை ஒடித்துவிடுகிறார்கள். ஈரக் காகிதத்தை இழுக்காமல், பக்கெட் தண்ணீரில் அப்படியே போட்டால் தானாகப் பிரியும். டப்பின் சுவரை ஒட்டிக் கிழங்கை வைத்து, குருத்து நடுப்பக்கம் பார்க்கும்படி திருப்புங்கள். உடலை மண்ணால் மூடி, குருத்தை வெளியே விடுங்கள். உள்ளே காற்றறைகள் இருப்பதால் கிழங்கு மேலே மிதந்து வரும், ஒரு கூழாங்கல்லை உடல் மேல் வைத்தால் அடங்கும்.

அப்புறம், வேர் விட்டதா என்று தோண்டிப் பார்க்காதீர்கள்.

பச்சைத் தண்ணீரைக் கொட்டி மாற்றுவது

தண்ணீர் பச்சையானதும் கை துறுதுறுக்கும், டப்பைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். நான்கு நாளில் மறுபடி பச்சை. மண்ணில் சத்து இருக்கிறது, மேலே வெயில் இருக்கிறது, பாசிக்கு வேறென்ன வேண்டும்? தாமரை இலைகள் தண்ணீர்ப் பரப்பை மூடத் தொடங்கினால் வெயில் கிடைக்காமல் பாசி தானாகக் குறையும். அதுவரை நூல் பாசியை மட்டும் குச்சியில் சுற்றி எடுங்கள். வற்றிய அளவுக்கு ஊற்றினால் போதும். உப்பு அதிகமான போர்த் தண்ணீர் என்றால் மழைக்காலத்தில் டப்பை நிரம்பி வழிய விடுங்கள், சேர்ந்த உப்பு கொஞ்சம் போகும்.

தண்டைத் தண்ணீருக்கு அடியில் வெட்டுவது

காய்ந்த இலை அசிங்கமாக இருக்கிறதென்று தண்டைக் கீழே வரை கத்தரிப்பவர்கள் உண்டு. வெட்டிய தண்டின் குறுக்குவெட்டைப் பாருங்கள், வரிசையாகத் துளைகள் தெரியும். மேலிருந்து கிழங்குக்குக் காற்று போகும் பாதை அதுதான். தண்ணீருக்குள் வெட்டினால் அந்தப் பாதையில் தண்ணீர் இறங்கி அழுகல் தொடங்க வழியாகும். தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே வெட்டுங்கள். மஞ்சள் இலையில் கை வைக்காதீர்கள், முழுக்கப் பழுப்பாகட்டும்.

நீலத் தாமரை விதை

தாமரையின் பேரினமான நெலும்போவில் நீலப் பூவே கிடையாது. சிவப்புச் சாயலில் இளஞ்சிவப்பு, வெள்ளை, அமெரிக்க இனத்தின் மஞ்சள், இவற்றின் கலப்புகள், அவ்வளவுதான். நீலமாகப் பூப்பது அல்லி வகை. வானவில் நிறத்தில் பத்து விதை என்று படம் போட்டு விற்பவரிடம் காசைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள்.

நல்ல விதையாகவே இருந்தாலும், பெயர் பெற்ற ரகத்தின் விதையில் அதே பூ வராது. ஆனால் முளைப்புத் திறனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜப்பானின் சிபாவில் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த, சுமார் 2000 ஆண்டுகள் பழையது என்று கணிக்கப்பட்ட விதையைத் தாவரவியலாளர் இச்சிரோ ஓகா முளைக்க வைத்தார், அடுத்த ஆண்டு அது பூத்தது. அவ்வளவு காலம் தாங்கக் காரணங்களில் ஒன்று அந்த ஓட்டின் கெட்டித்தன்மை. அதே ஓட்டைத் தேய்க்காமல் தண்ணீரில் போட்டுவிட்டு ஏன் முளைக்கவில்லை என்று கேட்கிறார்கள். கூர் இல்லாத பக்கத்தை, உள்ளே வெளிர் நிறம் தெரியும் வரை சொரசொரப்பான தரையில் தேயுங்கள். பூவுக்கு அவசரம் என்றால் விதை வேண்டாம், கிழங்கு வாங்குங்கள்.

அசுவினிக்கு எண்ணெய்

இலையில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சிதான் அசுவினி. அதற்கு வேப்பெண்ணெயைக் கெட்டியாகக் கலந்து உச்சி வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். அசுவினியைத் தண்ணீர்ப் பீச்சலிலேயே கழுவித் தள்ளலாம். கீழே மீன்கள் இருந்தால் அவற்றுக்குத் தீனி.

மார்கழியில் செத்துவிட்டது என்று கொட்டுவது

கார்த்திகைக்கு மேல் இலை சிறுக்கும், மஞ்சளாகும், பூ நிற்கும். சில ரகங்கள் மொத்தமாக அடங்கிவிடும். அந்தச் சமயத்தில்தான் மண்ணுக்குள் கொடியின் நுனி பருத்துக் கிழங்காகிறது. டப்பைக் குப்பைத் தொட்டியில் கவிழ்ப்பவர்கள் கிழங்கையும் சேர்த்துத்தான் கவிழ்க்கிறார்கள். உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரை மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி வாக்கில் டப்பைச் சாய்த்து மண்ணை மெதுவாகக் கழுவினால், சுவரை ஒட்டி வளைந்து கிடக்கும் கிழங்குகள் கிடைக்கும். குருத்தோடு இரண்டு கணு இருக்கும்படி வெட்டி, ஒரு டப்புக்கு ஒன்று வையுங்கள். மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம், கொடுக்கும்போதே சாணம் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.