சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒலி வழிகாட்டியோடு நடக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவனா பாலத்தில் தொடங்கி, சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் கரையிறங்கிய இடத்தைப் பார்த்துத் திரும்பி, எஸ்பிளனேட் பூங்காவின் வடகோடி வரை போனால் மொத்தம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். நின்று கேட்டு, கல்வெட்டுகளை வாசித்து நடக்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். காதில் ஒலிப்பதிவும் கையில் கைப்பேசியும் இருந்தால் வேறு வழிகாட்டி தேவையில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பலர் இங்கே குழம்பிப் போகிறார்கள். காரணம், இந்தக் கரையில் நிற்பவற்றில் பல இடம் மாறி வந்தவை. பதிவு ஓர் இடத்தைப் பற்றிப் பேசும், கண்முன்னே வேறொன்று நிற்கும்.

இரண்டு ராஃபிள்ஸ் சிலைகளை ஒன்றென்று எண்ணிவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. ஆற்றோரமாகக் கைகட்டி நிற்கும் வெள்ளைச் சிலை 1972-இல் வைத்த நகல். 1819 ஜனவரியில் அவர் கரையிறங்கியதாகக் கருதப்படும் இடத்தைக் குறிக்க வைத்தது. மூலச் சிலை கருத்த வெண்கலத்தில், சற்றுத் தள்ளி விக்டோரியா அரங்கத்தின் முன்னால் நிற்கிறது. 1887-இல் பாடாங் திடலில் திறக்கப்பட்டு, 1919-இல் இங்கே கொண்டுவரப்பட்டது. பதிவில் ‘வெண்கலம்’ என்ற சொல் வந்தால் நீங்கள் ஆற்றுக்கு முதுகு காட்டி விக்டோரியா மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதிரே ஆறு தெரிந்தால் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள்.

வெள்ளைச் சிலையின் அருகே நாராயண பிள்ளையின் சிலையைத் தேடி ஏமாறும் தமிழர்களும் உண்டு. 1819-இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை நடத்தியவர், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தவர் அவர். 2019-இல் இருநூறாண்டு நினைவுக்காகத் தற்காலிகமாக வைத்த சிலைகளில் அவருடையதும் ஒன்று. அந்த ஆண்டின் படங்கள் இணையத்தில் இன்னும் சுற்றுகின்றன. அவற்றை நம்பி நடையைத் திட்டமிடாதீர்கள்.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையும் அப்படி இடம் மாறியதுதான். 1972-இல் ஆற்றின் வாயிலில் வைத்தார்கள். 1997-இல் எஸ்பிளனேட் பாலம் வந்து பார்வையை மறைத்ததால் 2002-இல் ஏறக்குறைய 120 மீட்டர் நகர்த்தப்பட்டது. ஆற்றின் வாயிலில் இருந்த, பழங்கால எழுத்து பொறித்த சிங்கப்பூர்க் கல்லைப் பற்றிப் பதிவு பேசினால் அந்தக் கல்லைக் கரையில் தேட வேண்டாம். 1843-இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

ஆறும் மாறிவிட்டது. காவனா பாலம் தாழ்வானது, கடல் ஏற்றத்தின்போது சரக்குப் படகுகளால் அதன் அடியில் நுழைய முடியாது என்று பதிவு சொல்லும். அது அந்தக் காலத்துக்குச் சரி. 2008-இல் மரினா அணை வந்தபின் இது நன்னீர்த் தேக்கத்தின் பகுதி. நீரைப் பார்த்து ஏற்ற இறக்கம் கணிக்க வழியில்லை. பாலத்தின் முனையில் உள்ள பழைய அறிவிப்புப் பலகையையாவது நின்று படியுங்கள். மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 152 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் ஏறக்கூடாது என்கிறது அது. 1910-இல் ஆண்டர்சன் பாலம் திறந்தபின் வண்டிப் போக்குவரத்து அங்கே போய்விட, இது நடப்பவர்களுக்கானதாக நின்றுவிட்டது.

இனி, தமிழ் வாசகர்கள் செய்யும் தவறு ஒன்று. எங்களுக்கு இதுதான் மிகவும் வருத்தம் தருவது. ஆங்கிலப் பதிவைக் கேட்டுக்கொண்டே, கல்லில் பொறித்த தமிழைப் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் முன் நிற்கும் டல்ஹவுசி தூண், இந்தியாவின் தலைமை ஆளுநர் 1850-இல் வந்துபோனதற்காக எழுப்பியது. அதன் நான்கு பக்கமும் நான்கு மொழி, அதில் ஒன்று தமிழ். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள், சுற்றி வாருங்கள். நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு அறிவிப்பைத் தமிழில் எப்படி எழுதினார்கள் என்பதை எழுத்து எழுத்தாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் அது.

எஸ்பிளனேட் பூங்காவிலும் இதே கதைதான். லிம் போ செங் நினைவுச் சின்னம் எண்கோண வடிவில் சிறு பகோடா போல நிற்கிறது, சுற்றிலும் வெண்கலச் சிங்கங்கள். அவருடைய வரலாறு தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக பிரிட்டிஷாரின் ஃபோர்ஸ் 136 இரகசியப் படைப்பிரிவில் இயங்கிப் பிடிபட்டு, 1944 ஜூன் 29-இல் பத்து காஜா சிறையில் இறந்தவர். சரியாகப் பத்து ஆண்டு கழித்து அதே நாளில் இது திறக்கப்பட்டது. இதைக் கல்லறை என்று நினைப்பது தவறு. அவரை அடக்கம் செய்தது மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் அருகே.

போர் நினைவுத் தூணில் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். முதல் உலகப் போருக்கான பக்கத்தில் ஐந்து படிகள், 1914 முதல் 1918 வரை ஆண்டுக்கு ஒன்று. அந்தப் போரில் இறந்த 124 பேரின் நினைவாக எழுப்பி 1922-இல் திறந்தார்கள். மறுபக்கம் இரண்டாம் உலகப் போருக்கானது. நாம் வாழ அவர்கள் மடிந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி நான்கு மொழிகளிலும் இருப்பது அந்தப் பக்கத்தில்தான். படிகளில் உட்கார்ந்து காலை நீட்டிப் பதிவு கேட்பது வேண்டாம். பூங்காவில் இருக்கைகள் இருக்கின்றன.

இந்திய தேசிய ராணுவத்தின் நினைவிடத்தைப் பெரிய தூணாக எதிர்பார்ப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நேதாஜி 1945 ஜூலை 8-இல் அடிக்கல் நாட்டி எழுந்த சின்னத்தை, சில வாரங்களில் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது 1995-இல் வைத்த தாழ்வான குறிப்புக் கல் மட்டுமே. தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தால் கண்ணில் படாது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பெருவாரியாகச் சேர்ந்த படை அது. அதற்காகவே இந்த இடத்தில் ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவின் வடக்கே உள்ள டான் கிம் செங் நீரூற்றுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். 1882-இல் ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தில் வைத்து, 1925-இல் இங்கே நகர்த்தியது என்பது தெரிந்தால் போதும்.

கருவி விஷயத்துக்கு வருவோம். அங்கே போய்த் தரவிறக்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒரு மணி நேரப் பதிவு, 128 கிலோபிட் தரத்தில், 60 மெகாபைட்டுக்குள் அடங்கும். விடுதியின் வைஃபையில் இறக்கிவிட்டு, விமானப் பயன்முறையில் போட்டு ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். சில செயலிகள் தலைப்பை மட்டும் இறக்கி வைத்து ஒலியை இணையத்தில் தேடும். அது அப்போதே தெரிந்துவிடும்.

இடத்தை உணர்ந்து தானாக ஒலிக்கும் பதிவென்றால் ஜிபிஎஸ்-ஐ முழுக்க நம்ப வேண்டாம். பாடாங் பக்கம் வானம் திறந்திருப்பதால் சிக்கல் குறைவு. போட் கீ பக்கத்து உயர்ந்த கட்டடங்களில் சமிக்ஞை பட்டுத் திரும்புவதால் புள்ளி ஆற்றுக்கு நடுவில் போய் நிற்கும், அக்கரைக் கதை இக்கரையில் ஒலிக்கும். அந்தப் பகுதியில் கையாலேயே அடுத்த பகுதியை அழுத்துங்கள். திரையை அணைத்ததும் பதிவு நின்றுபோனால் பெரும்பாலும் மின்கலச் சிக்கன முறைதான் காரணம். அதை நிறுத்திவிட்டு, செயலிக்கு இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று மாற்றுங்கள். இரண்டு மணி நேரம் இப்படி ஓடினால் மின்கலம் வேகமாகக் குறையும், பவர் பேங்க் எடுத்துப் போவது நல்லது.

இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடக்காதீர்கள். நடைபாதையில் சைக்கிள்களும் வரும், அவற்றின் மணி கேட்க வேண்டும். ஒரு காதில் மட்டும் மாட்டுவதானால் கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்பில் ‘மோனோ ஒலி’யை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டீரியோவில் பதிந்த உரையாடலில் ஒருவர் பேசுவதே கேட்காமல் போகலாம். நின்று கேளுங்கள், நடக்கும்போது நிறுத்துங்கள். சாலையைக் கடக்கும் நேரத்தில் ஒலி ஓடவே கூடாது.

தொடங்க ஏற்ற இடம் ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையம், எச் வாயில். ஆற்றுப் பக்கம் வந்தால் ஃபுல்லர்ட்டன் ஹோட்டலும் காவனா பாலமும் தெரியும். பாலமேறும் முன், ஆற்றில் குதிக்கும் ஐந்து சிறுவர்களின் சிற்பத்தைப் பாருங்கள். அக்கரையில் அரும்பொருளகத்தின் அருகே வட்டிக்கடைச் செட்டியாரையும் இன்றைய நிதித்துறையினரையும் ஒன்றாக வைத்த சிற்பம் இருக்கிறது. செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டித்தொழில் நடத்திய கடைகள், இருந்த மார்க்கெட் ஸ்ட்ரீட் எதிர்க்கரையில் என்பது நினைவிருந்தால் அதன் பொருள் தெளியும்.

நேரம் காலை ஏழரைக்கு, அல்லது மாலை ஐந்துக்கு மேல். பகல் 11 முதல் 3 வரை பாடாங் ஓரம் வெயில் தாங்காது. பிற்பகலில் இடிமழை வரும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் அரும்பொருளகத்துக்குள் போய்விடுங்கள். அது திறப்பது காலை 10 மணிக்கு, காலை நடைக்காரர்கள் கழிப்பறையையும் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

தேதியையும் பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் ஃபார்முலா ஒன் பந்தயம் ஆண்டர்சன் பாலத்தின் மேலேயே ஓடுகிறது. பந்தய வாரத்துக்குப் பல நாட்கள் முன்பே தடுப்புகளும் பார்வையாளர் மேடைகளும் பூங்காவையும் அதை ஒட்டிய கன்னாட் டிரைவ் சாலையையும் மறைக்கத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் 9 தேசிய தினம் பாடாங்கில் நடக்கும் ஆண்டுகளில் ஒத்திகை நாட்களிலும் சாலைகள் மூடப்படும். அப்படி அகப்பட்டுக்கொண்டால் பூங்காவை விட்டுவிட்டு, காவனா பாலத்திலிருந்து வெள்ளைச் சிலை வரையிலான பாதியை மட்டும் நடக்கலாம்.