புது ரப்பர் புஷ்: போல்ட்டை எப்போது முறுக்குவது?

பழைய காரின் முன்பக்க ஆர்முக்கு (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை) புது ரப்பர் புஷ் (அந்த இணைப்பில் உட்காரும், உள்ளே உலோகக் குழாய் கொண்ட ரப்பர் உருளை) போட்டால், கார் ஜாக்கியில் இருக்கும்போது பிவட் போல்ட்டை, அதாவது ஆர்ம் அசையும் அச்சான போல்ட்டை, லேசாக மட்டும் பிடியுங்கள். சக்கரத்தைத் தரையில் இறக்கி, பிட் (காருக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி) மேல் நிறுத்திய பிறகே முழு இறுக்கம்.

ரப்பர் புஷ் சுழலாது. உள் குழாயைப் போல்ட் பிடித்துக்கொள்ள, ஆர்ம் அசையும்போது நடுவில் உள்ள ரப்பர்தான் முறுகும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் சும்மா நிற்கும்போதும் அது முறுகியே இருக்கும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வளைவுகளில் தினமும் ஓடுகிற வண்டியென்றால் சீக்கிரமே கிழிந்துவிடும்.

பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கடினமான பிளாஸ்டிக்) புஷ்ஷுக்கு இது பொருந்தாது. அது உள் குழாயின் மேல் சுழலும். அதற்குரிய கிரீஸ்தான் முக்கியம், இல்லாவிட்டால் கிரீச்சிடும். ஸ்டியரிங் கச்சிதமாகும், ஆனால் குலுக்கலும் கூடும். குடும்பத்தோடு போகிற காருக்கு நல்ல ரப்பரே என் தேர்வு.