மதுரை வீட்டுக்கு முதல் ஹியூமிடார்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

சுருட்டுகளை ஈரப்பதம் குறையாமல் பாதுகாக்கும் ஹியூமிடார் பெட்டிகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, வீட்டின் உள்ளே வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும் குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் 40 டிகிரியை எட்டுவதும், ஐப்பசி மழையில் அலமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பில்கூடப் பூஞ்சை படிவதும் வழக்கமாகிவிட்ட மதுரையில் அவற்றை அப்படியே பின்பற்றினால், அழகான மரப்பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் சுருட்டுகளோ கோடையில் காய்ந்து வெடிக்கும் அல்லது மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே இந்த விளக்கத்தில் வேலைகளின் வரிசையை மாற்றியிருக்கிறேன்: முதலில் அளவுகருவி, அடுத்து வைக்கும் இடம், அதன் பிறகே பெட்டி.

அதற்கும் முன்பாக, உங்களுக்கு ஹியூமிடார் தேவையா என்று பார்த்துவிடுவது நல்லது. திண்டுக்கல், உறையூர் வகை நாட்டுச் சுருட்டுகள் உலர்ந்த நிலையிலேயே விற்கப்பட்டு உலர்ந்த நிலையிலேயே புகைக்கப்படுபவை. கடையில் வாங்கி அந்த வாரமே தீர்த்துவிடுபவருக்கும், கருப்பசாமிக்குப் படைக்க வாங்குபவருக்கும் இந்தச் செலவு வீண். கியூபா, டொமினிகன் குடியரசு, நிகரகுவா, ஹோண்டுராஸ் போன்ற நாடுகளில் முழு இலைகளைக் கொண்டு கையால் சுற்றப்படும் விலை உயர்ந்த சுருட்டுகளை மாதக்கணக்கில் வைத்திருக்க விரும்புபவருக்கே இது பயன்படும். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயோடு விட்டுவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு என்பதையும், 2003ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருட்கள் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவருக்குப் புகையிலை விற்பது குற்றம் என்பதையும் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், பூட்டுள்ள அலமாரியைத் தவிர வேறு இடம் வேண்டாம்.

முதல் படி: ஈரப்பதமானியை வாங்கிச் சரிபார்த்தல்

பெட்டியை வாங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே, வெப்பநிலையையும், காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் அதில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் ஒப்பு ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மரப்பெட்டிகளின் மூடியில் பித்தளை வளையத்துடன் பதிக்கப்பட்டு வரும் முள் காட்டும் கருவி பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும், ஆனால் அதன் அளவை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. டிஜிட்டல் கருவியும் சில புள்ளிகள் கூடவோ குறையவோ காட்டலாம் என்பதால், அதை உப்புச் சோதனையில் சரிபார்க்க வேண்டும்.

சோதனை எளியது. குளிர்பான பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்து நீராகிவிடக் கூடாது. அந்த மூடியையும் கருவியையும் ஒரே ஜிப் கவருக்குள் வைத்து, உள்ளே சிறிது காற்று இருக்கும்படி இறுக மூடி, ஓர் இரவு முழுவதும் அசைக்காமல் விட்டுவிடுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றி அடைபட்ட காற்றை 75 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் நிறுத்தும் இயல்புடையது. 20 டிகிரியிலும் 30 டிகிரியிலும் இந்த எண் ஏறத்தாழ மாறுவதே இல்லை என்பதால், நம் ஊர் அறைகளிலும் இதை நம்பலாம். காலையில் கவரைத் திறக்காமலே அளவைப் பாருங்கள். கருவி 71 காட்டினால் அது நான்கு புள்ளி குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். அந்த வேறுபாட்டை ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கருவியின் பின்புறம் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

சரிபார்த்த கருவியை வீட்டின் சில இடங்களில் மாற்றி மாற்றி வைத்து, விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணி வாக்கிலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடம் குளிர்ச்சியானது என்பதைக் காட்டிலும், எந்த இடத்தில் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் குறைவு என்பதே இங்கே முக்கியம். காரணம் இதுதான்: ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் அதிகபட்சம் 17 கிராம் அளவுக்கே நீராவியைத் தாங்கும், 30 டிகிரியில் அதே காற்று 30 கிராம் வரை தாங்கும். பகலில் 32 டிகிரியில் கிடந்த பெட்டியை இரவு ஏசி 24 டிகிரிக்குக் குளிர்வித்தால், உள்ளே இருக்கும் அதே நீராவி இப்போது அளவுக்கு மிஞ்சியதாகி, மரத்திலும் புகையிலையிலும் ஏறும். காலையில் ஏசியை நிறுத்தியதும் அது மீண்டும் வெளியேறும். நாள்தோறும் இப்படி உப்பியும் சுருங்கியும் போனால் வெளியே சுற்றியிருக்கும் மெல்லிய இலை தையல் விட்டதுபோல் பிரிந்துவிடும். எனவே, இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறையைவிட, ஏசியே இல்லாத தரைத்தள அறையில், நாள் முழுவதும் 28, 29 டிகிரியில் நிற்கும் ஓர் அலமாரியின் கீழ்த்தட்டு மேலானது என்பது என் முடிவு.

மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண், மேற்கு வெயில் படும் சுவரை ஒட்டிய அலமாரி, குளிர்சாதனப் பெட்டியின் தலைப்பகுதி ஆகியவற்றைப் பேச்சின்றி ஒதுக்கிவிடலாம். மணத்தையும் கவனியுங்கள், ஏனெனில் புகையிலை அருகிலுள்ள வாசனையை எளிதில் இழுத்துக்கொள்ளும். பட்டுச்சேலைகளுக்காக அந்துருண்டை போட்ட பீரோ கூடவே கூடாது. சாம்பிராணியும் கற்பூரமும் அன்றாடம் எரியும் பூஜையறையின் பக்கத்து அலமாரியும் அப்படித்தான். மளிகைச் சாமான் அறைக்கு வேறொரு காரணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: அளவு

விற்பனையாளர் ‘50 சுருட்டுக்கான பெட்டி’ என்று சொன்னால், மெலிந்த சுருட்டுகளை இடைவெளியே இல்லாமல் அடுக்கிய கணக்கு அது. ஈரத்தைச் சமன்செய்யும் பைக்கும் (ஐந்தாம் படியில் வரும்) கருவிக்கும் காற்றோட்டத்துக்கும் இடம் விட்டால் ஏறத்தாழ 30தான் கொள்ளும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினர் ஒரு பெட்டி கொண்டுவந்தால் அதில் பெரும்பாலும் 25 இருக்கும் என்பதால், தொடங்குபவருக்கு 50 என்று குறிப்பிடப்பட்ட அளவு பொருத்தமானது. அதைவிடப் பெரியதாக வாங்கி முக்கால் பகுதியைக் காலியாக விடுவதும் தவறு. ஈரத்தை ஏற்றும் விட்டும் காற்றைச் சமப்படுத்துவது புகையிலையேதான், வெறும் காற்று அந்த வேலையைச் செய்யாது.

நான்காம் படி: பெட்டியின் வகை

ஹியூமிடார் என்றதும் எல்லோர் மனத்திலும் தோன்றுவது, உட்புறம் ஸ்பானிஷ் சீடார் பலகை பதித்த மரப்பெட்டி. பெயர்தான் சீடார், உண்மையில் அது மகோகனிக் குடும்பத்தைச் சேர்ந்த மத்திய, தென் அமெரிக்க மரம். நம் வேம்பும் அதே குடும்பம்தான். ஈரத்தை ஏற்றுக்கொண்டு மெல்ல விடுவது, எளிதில் வளையாமல் இருப்பது, புகையிலையோடு ஒத்துப்போகும் மணம், பூச்சிகளை ஓரளவு தள்ளி வைப்பது ஆகிய நான்கு குணங்களும் சேர்ந்து அதற்கு இந்த இடத்தைத் தந்திருக்கின்றன. தெரிந்த ஆசாரியிடம் தேக்கில் செய்து வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தேக்கின் எண்ணெய் மணம் சுருட்டில் ஏறிவிடும். வெளிப்புறத்துக்குத் தேக்கைப் பயன்படுத்தலாம், உட்புறத்துக்கு வேண்டாம்.

ஆயினும், முதல் பெட்டியாக மரப்பெட்டியை நான் பரிந்துரைப்பதில்லை. வறண்ட மாதங்களில் மரம் சுருங்கி மூடிக்கும் விளிம்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி விழும். மழைக்காலத்தில் அதே மூடி உப்பி இறுகிக்கொள்ளும். இந்த மாற்றங்களைத் தாங்கும்படி செய்யப்பட்ட நல்ல பெட்டிகள் விலை அதிகம், குறைந்த விலையில் வருபவற்றிலோ சீடார் என்பது காகிதம்போன்ற மேற்பூச்சாக மட்டுமே இருக்கும். தொடங்குபவருக்கு ஏற்றது, ரப்பர் வளையமும் நான்கு பக்கப் பூட்டும் உள்ள, காற்றுப் புகாத உணவுப் பாத்திரம் அல்லது அதே அமைப்புள்ள தடித்த அக்ரிலிக் பெட்டி. அதன் அடியில் ஓரிரு சீடார் தகடுகளை இட்டுவிட்டால் மணமும் கிடைக்கும்; சுருட்டுகள் வந்த பெட்டி சீடாரில் செய்ததாக இருந்தால் அதன் மூடியையே அறுத்துப் போடலாம். மசாலாவோ ஊறுகாயோ இருந்த பாத்திரத்தைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது, புதியதையே வாங்குங்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டும்போது, மீன், ஐஸ் வைக்கும் தெர்மோகோல் சுவருள்ள பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி மிகச் சிறந்த ஹியூமிடாராகும். வெளிவெப்பம் மெதுவாகவே உள்ளே இறங்கும் என்பதால் நம் ஊருக்கு அதுவே இயற்கையான தேர்வு. மின்சாரத்தில் குளிர்விக்கும் பெட்டிகள் அதற்கும் அடுத்த கட்டம்.

மரப்பெட்டிதான் வேண்டும் என்று மனம் பிடிவாதமாக இருந்தால், வாங்கும் இடத்திலேயே இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். பத்து ரூபாய் நோட்டு ஒன்றை விளிம்பில் வைத்து மூடியை மூடி மெல்ல இழுங்கள். நான்கு பக்கத்திலும் சற்றுப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, செல்பேசியின் விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்து மூடி, இருட்டறையில் எங்காவது ஒளிக்கீற்று கசிகிறதா என்று பாருங்கள். கண்ணாடி மூடியுள்ள பெட்டிக்கு இந்த இரண்டாம் சோதனையே செய்ய முடியாது. கண்ணாடியும் மரமும் சேரும் இடம் கசிவுக்கு வழி என்பதால், அந்த வகையை வாங்காமல் இருப்பதே நல்லது.

ஐந்தாம் படி: ஈரம் தரும் பொருள்

பழைய முறையில் ஒரு பஞ்சுத் துண்டைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து வைப்பார்கள். வெளிக்காற்று வறண்டிருக்கும் ஊரில் அது ஓரளவு வேலை செய்யும். ஆனால் மழைக்காலத்தில் அளவுக்கு மீறி ஏறும் ஈரத்தை அது திரும்ப உறிஞ்சாது. உப்புக் கரைசல் நிரப்பிய இருவழிப் பைகள், போவெடா என்ற பெயரில் பரவலாகக் கிடைப்பவை, குறைந்தால் ஈரம் விடும், கூடினால் வாங்கிக்கொள்ளும். அவற்றின் மீது 62, 65, 69, 72 என்று அச்சிட்டிருக்கும் எண், பை நிலைநிறுத்தும் ஒப்பு ஈரப்பதம். குளிர்நாட்டவர்கள் 69ஐச் சொல்வார்கள். 28 டிகிரியைத் தாண்டும் நம் அறைகளில் அதே 69 சதவீதம் பூஞ்சைக்கு வசதியான சூழலை உண்டாக்கும் என்பதால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்கு 65 எண்ணும், கசியும் இயல்புள்ள மரப்பெட்டிக்கு 69 எண்ணும் பொருந்தும். 25 சுருட்டுக் கொள்ளளவுக்கு 60 கிராம் பை ஒன்று என்பது கணக்கு. வெவ்வேறு எண்ணுள்ள பைகளை ஒரே பெட்டியில் வைத்தால் ஒன்று விடுவதை மற்றொன்று உறிஞ்சி, இரண்டும் விரைவில் தீர்ந்துவிடும்.

பஞ்சு முறையையே பின்பற்றுபவர்கள் குழாய்த் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் தொடக்கூடாது. அவற்றிலுள்ள உப்பு பஞ்சின் துளைகளை அடைத்துவிடும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும், அதே கடையில் ஆசிட்டும் விற்கும் என்பதால் பாட்டிலின் மேலுள்ளதைப் படித்து வாங்குங்கள்.

ஆறாம் படி: பதப்படுத்துதல்

பிளாஸ்டிக் பெட்டிக்கு இது தேவையில்லை. புதிய மரப்பெட்டிக்குக் கட்டாயம் தேவை, இல்லையென்றால் காய்ந்த மரம் சுருட்டுகளிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிவிடும். 84 எண்ணுள்ள பைகளை உள்ளே வைத்து, இரண்டு வாரம் திறக்காமல் மூடிவைத்தால் போதும். ஈரத்துணியால் உட்புறத்தைத் துடைக்கும் குறுக்குவழி பலகையை வளைத்துவிடும்.

ஏழாம் படி: வண்டுக்கு வழி வைக்காமல் இருத்தல்

புகையிலை வண்டு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள செம்பழுப்புப் பூச்சி. அதன் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் இலைக்குள் இருக்கும். வெப்பநிலை 24 டிகிரியைத் தாண்டியதும் பொரிக்கத் தொடங்கும். அதாவது மதுரையில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும். இதே வண்டுதான் சமையலறையில் மஞ்சள், மல்லி, வற்றல் மிளகாய் ஆகியவற்றையும் துளைப்பது. மளிகை அறை வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

புதிதாக வந்த எந்தச் சுருட்டையும் பெட்டிக்குள் வைப்பதற்கு முன், இரண்டு ஜிப் கவர்களில் காற்றை வெளியேற்றி மூடி, உறைபெட்டியில் வைக்க வேண்டும். 18 டிகிரி உறைநிலைக்குக் கீழே செல்லும் இரட்டைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் போதும். ஒற்றைக் கதவு வகையின் உறைபெட்டி பெரும்பாலும் அந்த அளவை எட்டாது என்பதால் அதில் ஒரு வாரம் விட்டுவைப்பது பாதுகாப்பானது. வெளியே எடுத்தவுடன் கவரைத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த இலையின் மேல் படிந்து, இலை வெடிக்கும். ஆகவே ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும், மறுநாள் அறையிலும், கவர் மூடியபடியே வைத்திருந்து பிறகு திறங்கள். பெட்டியில் எப்போதாவது ஊசி முனையளவு துளையும் அடியில் மெல்லிய தூளும் தென்பட்டால், துளையுள்ளதைத் தூக்கி எறிந்துவிட்டு, மற்ற அனைத்தையும் மீண்டும் உறையவைக்க வேண்டும்.

எட்டாம் படி: அடுக்கலும் பராமரிப்பும்

செல்லோபேன் உறையைக் கழற்றலாம், விடலாம்; பெரிய வேறுபாடு இல்லை. மணமூட்டிய சுருட்டுகளை மட்டும் தனிப் பெட்டியில் வையுங்கள். முதல் வாரத்தில் எண்கள் ஏறி இறங்கும், அதற்காகப் பையை மாற்றவோ அடிக்கடி திறந்து பார்க்கவோ வேண்டாம். அதன் பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு நிமிடம் திறந்து, கீழே இருப்பவற்றை மேலே மாற்றினால் போதும். பை கல்போல் இறுகியதும் மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரப்பெட்டிக்குள் அளவு 72ஐத் தாண்டுமானால் 69 பையை எடுத்துவிட்டு 62 பையை வைத்து, மழை ஓய்ந்து தை பிறந்ததும் பழைய எண்ணுக்கே திரும்புங்கள். எடுத்த பையை ஜிப் கவரில் இறுக மூடிவைத்தால் மறுபடியும் பயன்படும்.